ஒரு லிஸ்ட், ஒரு பிளேடு

ஜூன் 4, புதன்

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலம் ரோட்டில் கேரளா வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆஸ்பத்திரி கேட்டை மறித்துக் காரை நிறுத்துகிறவர்களோடு வாட்ச்மேன் காலையிலிருந்து சண்டை. எனக்கும் இன்று யாரோடாவது சண்டை போட வேண்டும் போல இருந்தது. அவருக்காவது கார்க்காரர்கள் கிடைத்தார்கள்.

மன்சூர் மறு பரிசோதனைக்கு வந்தார். புளியறை வழியாகக் கேரளாவுக்கு எம்-சாண்ட் ஏற்றிப்போகும் லாரி டிரைவர். ஏப்ரலில் இலவச முகாமில் அவருக்கு இடது கண்ணில் சதை எடுத்தோம். வெள்ளை விழியிலிருந்து முக்கோணமாகக் கருவிழி மேல் ஏறிவருகிற சதை. வெயிலிலும் காற்றிலும் கிடப்பவர்களுக்கு வருவது. கருவிழியிலிருந்து அதைப் பிறை வடிவ பிளேடால் சீவி எடுக்க வேண்டும். பெரிய ஆபரேஷன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“எதுக்க வார வண்டி லைட்டு வாலோட வருது மேடம். ஒண்ணு மூணாத் தெரியுது. எஸ் வளைவுல போன வாரம் பாறையில கொண்டு சாத்தப் பாத்தேன். ஆபரேஷனுக்கு முன்ன இப்படி இல்ல.”

வளையப் படம் எடுத்தேன். கருவிழியில் வட்ட வட்டமாக ஒளி விழும். மேற்பரப்பு சீராக இருந்தால் குளத்தில் கல் போட்டது போல ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும். மன்சூர் கண்ணில் மூக்குப் பக்கம் அத்தனை வட்டமும் நசுங்கிக் கிடந்தது. யாரோ மிதித்துவிட்டுப் போனது போல.

படத்தை சாரிடம் காட்டினேன். அவர் பார்த்த நேரத்தில் ஒரு கொட்டாவி விட்டிருக்கலாம்.

“அருவியில தலையக் குடுத்திருப்பான். தண்ணி வேகத்துல தையல் நகந்திருக்கும்.”

“நான் புளியறைக்காரன் டாக்டர். எனக்கு அருவியில குளிக்க எங்க நேரம்? அதெல்லாம் வெளியூர்லேந்து வாறவங்களுக்கு.”

“அப்ப லாரித் தூசி.”

இந்த ஊரில் கண் ஆபரேஷன் எது கெட்டாலும் குற்றம் அருவி மேல்தான். அருவி கேஸ் போடாது.

நோட்டில்கூட ‘சார்’ என்றுதான் கை எழுதுகிறது. டாக்டர் உமாசங்கர். வீட்டில் பெரியத்தான், என் வீட்டுக்காரரின் அண்ணன். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புகிற முகம் ஒன்றுதான்: உனக்கு என்ன தெரியும் என்கிற முகம்.

கண் அளக்கிற படிப்புதான் படித்தேன். கண் வெட்டுகிற படிப்பு படிக்கவில்லை. அதனால் வெட்டு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாதாம்.


ஜூன் 5, வியாழன்

முகாம் ஆட்களின் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். பணம் கட்டிச் செய்துகொண்டவர்களுக்கு வட்டம் வட்டமாக இருக்கிறது. முகாமில் வந்தவர்களுக்குப் பாதிக்கு மேல் நசுங்கல். அருவி ஆள் பார்த்தா நசுக்கும்?


ஜூன் 7, சனி

வள்ளித்தாய் தியேட்டர் நர்ஸ். என்னைவிடப் பத்து வயதாவது சிறியவள். புதியது ஒன்று, போன திங்கட்கிழமை பயன்படுத்தியது ஒன்று என்று இரண்டு பிளேடு கேட்டதும் அவள் முகம் போன போக்கு.

“சார் பாத்தா என்னையத்தான் வைவாவ மேடம்.”

“பாத்துட்டுத் தந்திருதேன்.”

திங்கட்கிழமை ஆபரேஷன் நாள். ஒரு லிஸ்டுக்கு, அதாவது அன்றைக்கு வெட்டுகிற அத்தனை பேருக்கும், ஒரு பிளேடு. காலையில் ஒன்றாம் நம்பருக்குப் புதிது பிரிப்பார்கள். முதலில் பணம் கட்டுகிறவர்கள், பிறகு முகாம் ஆட்கள். ஒவ்வொருவருக்கும் நடுவில் பிளேடைச் சுத்தம் செய்து சூட்டில் வைத்து எடுப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டும் என்று உறையிலேயே போட்டிருக்கிறது. உறையை யார் வாசிக்கிறார்கள்?

லேப் மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். புதியதின் விளிம்பு ஒரே கோடு. கண் அதில் வழுக்கிக்கொண்டு போகிறது. போன திங்கட்கிழமை பிளேடு கதிர் அறுக்கிற பன்னருவாள். அங்கங்கே கடித்து எடுத்த பள்ளம், ஓரிடத்தில் முனை சுருண்டு மடங்கியிருக்கிறது. சாதாரணமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் பளபளக்கின்றன. ஏமாற்றுகிறதற்கு அந்தப் பளபளப்பு போதும்.

கருவிழியின் கனம் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் மேல்தோலை மட்டும் சீவ வேண்டும். கூர் இருக்கிற பிளேடு கேட்ட இடத்தில் போகும். கூர் போனது போகாது, இழுக்கும். இழுத்தால் கை தானாக அழுத்தும். அழுத்தினால் ஓரிடத்தில் ஆழம் பாயும், பக்கத்திலேயே மேடு நிற்கும். அந்த மேடு பள்ளத்தின் மேல் தோல் மூடி, தழும்பு இழுத்து, கருவிழியே ஒரு பக்கம் சப்பையாகிப்போகும். பிறகு ஒரு லைட் மூன்றாகத் தெரியாமல் என்ன செய்யும்?

சார் கை நல்ல கை. அதை நான் மறுக்க மாட்டேன். அதுதான் வயிற்றெரிச்சல். அந்தக் கையில் அதைக் கொடுக்கிறார்கள். அதையும் அவரேதான் கொடுக்கச் சொல்கிறார்.


ஜூன் 9, திங்கள்

இன்று கேட்டேவிட்டேன். லிஸ்ட் முடிந்து தியேட்டர் வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தார். வள்ளித்தாய் இருந்தாள், இன்னும் இரண்டு நர்ஸ் பிள்ளைகள் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். வேண்டுமென்றுதான் அங்கே வைத்துக் கேட்டேன்.

“சூட்டுல வச்சு எடுக்கோம்லா. ஒரு இன்ஃபெக்‌ஷன் காட்டு பாப்போம்.”

“கிருமி செத்துரும் சார். கூரு திரும்ப வராதுல்லா.”

“ஆபரேஷன் பண்ணுதது நீயா நானா?”

“அளக்குதது நான்.”

“அப்ப அளந்துக்கிட்டே இரு. என் கைக்கு இழுக்குதா வழுக்குதான்னு எனக்குத் தெரியாதா? ஒரு பிளேடுல நாள் முழுக்கப் பண்ணுத ஆள நான் பாத்திருக்கேன். ஒனக்கு மைக்ராஸ்கோப் கெடச்சிட்டுன்னு...”

வள்ளித்தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்ராஸ்கோப் விஷயம் அவர் காதுக்கு எப்படிப் போயிற்று? இந்த ஆஸ்பத்திரியில் சுவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் போல.

நான் அதோடு நிறுத்தவில்லை. “நம்ம வீட்டு ஆளுன்னா இதே பிளேடத்தான் எடுப்பீங்களா சார்?”

அத்தைக்கு, அதாவது சாரின் அம்மாவுக்கு, வலது கண்ணில் சதை ஏறிக்கொண்டிருக்கிறது, எடுக்க வேண்டும் என்று போன மாதமே பேசினார்கள். எல்லோருக்கும் தெரியும். நர்ஸ் பிள்ளை ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கினாள்.

அவர் டம்ளரை வைத்தார். “எங்க அம்மைக்கும் இதேதான். போதுமா?”

போதும் என்றேன். அதோடு அங்கிருந்து நகர்ந்துவிட்டேன். பயத்தினால் இல்லை. சந்தோஷத்தினால்தான் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. ஒரு இடத்தில் கொண்டுபோய் மடக்கிவிட்டேனே என்ற சந்தோஷம்.


ஜூன் 10, செவ்வாய்

வீட்டுக்குச் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

“ஏட்டி, டாக்டருக்கு டாக்டரா இருக்கியாம்லா ஆஸ்பத்திரில?”

அத்தை வெற்றிலை கிள்ளிக்கொண்டே கேட்டார். நான் சோறு பரிமாறினேன். 

“எம்மவன் பத்து வருசம் படிச்சான். நீ அதுல என்ன கொறை கண்ட?”

“குழம்பு இன்னும் வேணுமா?”

“இதுவே தண்ணி. இன்னும் ஊத்தி என்ன, நீச்சலா அடிக்க?”


ஜூன் 14, சனி

மன்சூர் திரும்ப வந்தார். முதலாளி வண்டியை வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டாராம். ராத்திரி வண்டி ஓட்டாத டிரைவர் அவருக்கு எதற்கு? வெளியே பெஞ்சில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டார்.

“நேராச் சொல்லுங்க மேடம். எதனால இப்படி ஆச்சு?”

நேராகத்தான் கேட்டார். நான் என்ன சொன்னேன்? இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், தானாகப் படியும், சொட்டு மருந்தை விடாதீங்க.

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணாலேயே பார்த்தார்.

“ஒங்கள வேற மாதிரி நெனச்சேன். நீங்களும் சம்பளக்காரங்கதான்.”

வைததாகக்கூட அவருக்குத் தோன்றியிருக்காது. 


ஜூன் 16, திங்கள்

இன்றும் ஒரே பிளேடு. கடைசி ஆள் வாசுதேவநல்லூர் விவசாயி. “பிடிச்சு இழுக்க மாரி இருக்கு டாக்டர்” என்று படுத்திருந்தபடியே சொன்னாராம். “பேசாம இரும்வே” என்றாராம் சார். வள்ளித்தாய் சொன்னாள். மரத்துப்போன கண்ணுக்கே தெரிந்திருக்கிறது.


ஜூன் 20, வெள்ளி

அத்தைக்கு வரும் திங்கட்கிழமை தேதி. லிஸ்டில் ஒன்றாம் நம்பர்.

தெருவில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. “எம்மவன் கையால.” கண்ணாடி இல்லாமல் தினசரி காலண்டரில் ராசிபலன் வாசிப்பார், அதையும் பின்பக்கத்துப் பொடி எழுத்தில். சதை மட்டும் கருவிழியின் நடு வரைக்கும் வந்துவிடக் கூடாது, அதற்குள் எடுத்துவிட வேண்டும். எடுப்பது சரிதான். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

சொல்லலாமா என்று இருந்தது. சொன்னால் என்ன நடக்கும்? மகனைக் குறை சொல்ல வந்தாயா என்று முப்பிடாதியம்மாள் அத்தை தெருவையே கூட்டுவார். முதல் ஆள் அவர்தானே, புது பிளேடின் முதல் வெட்டு அவருக்குத்தானே? சொல்ல என்ன இருக்கிறது?

பெரியத்தான் வாய்ச்சவடாலுக்கு ஒன்று சொன்னார், காரியத்தில் அம்மாவை ஒன்றாம் நம்பரில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டேன். திங்கட்கிழமை முடிந்ததும் இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகூட யோசித்து வைத்திருக்கிறேன்.


ஜூன் 23, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன். பிறகு மாற்றி நினைத்துவிடுவேன்.

ஏழு மணிக்கே அத்தையைக் கூட்டிப்போய்ப் பச்சை கவுன் மாட்டி உட்காரவைத்தேன். ஏழரைக்குக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை.

“திங்கக்கெழம ஏழரை ஒம்பது ராகு காலம். ஒங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாதோ?”

சார் வெளியே வந்து கெஞ்சினார். அம்மா, லிஸ்ட் கிடக்கு, வாம்மா. “நீ மத்தவங்களப் பாருலே. எனக்கு ஒம்பதுக்கு மேலதான்.” தியேட்டர் வாசலில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்பதுக்கு மேல் என்று முன்கூட்டியே மகனிடம் சொல்லியிருந்தாராம். சரி சரி என்று தலையாட்டிவிட்டு அவர் ஒன்றாம் நம்பர் போட்டிருக்கிறார்.

மற்றவர்கள் உள்ளே போய் வெளியே வந்தார்கள். பேங்க் ஆபீசர். வாத்தியார். பிறகு முகாம் ஆட்கள். ஒன்றாம் நம்பருக்கென்று பிரித்த பிளேடு, ஒன்றாம் நம்பர் வாசலில் உட்கார்ந்திருக்க, வரிசையாக எல்லோர் கண்ணையும் பார்த்துவிட்டது.

ஒன்பதுக்குமேல் அத்தை தானாக எழுந்து நடந்து போனார். எனக்குப் பயமாயிருக்கு நீயும் வாடி என்று சொல்லவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. அதனால் நானும் மாஸ்க் மாட்டிக் கதவோரம் நின்றேன்.

படுக்கவைத்துத் துணி மூடினார்கள். மரப்பு ஊசி போட்டாயிற்று. அப்போதுதான் வள்ளித்தாய் கேட்டாள்.

“சார், அம்மாவுக்கு வேற ஒண்ணு பிரிக்கட்டா?”

பெட்டி அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. சார் தலையைத் தூக்கினார். அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. என் கண்ணும் அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்தது.

“எது இருக்கோ அதக் குடு.”

வாயைத் திறந்திருக்கலாம். பிரி வள்ளி, என்று ஒரு வார்த்தை. சண்டை எனக்கும் அவருக்கும்தானே, படுத்திருக்கிறது யார்? இல்லை — அப்படியெல்லாம் அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை. பாப்போம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். பாப்போம்.

பார்த்தேன். சுவர்த் திரையில் கண் பெரிதாகத் தெரிந்தது. பிளேடு போகாமல் சதை அலை மாதிரி முன்னால் குவிந்தது. அவர் கோணத்தை மாற்றினார். அப்போதும் இழுத்தது. மணிக்கட்டு லேசாக அழுத்தியது, ஒருமுறைதான், அதற்குள் ஆழம் போய்விட்டது. அவர் மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. அங்கேயே புதிது கேட்டிருக்கலாம். நான் நின்றுகொண்டிருந்தேன், அதனால் அவர் கேட்கவில்லை.

“முடிஞ்சிட்டாலே?” என்றார் அத்தை துணிக்குள்ளிருந்து.

“முடிஞ்சிட்டும்மா. சூப்பர்.”


ஜூன் 24, செவ்வாய்

கட்டு அவிழ்த்தார்கள். சிவப்பு, வீக்கம், கலங்கல். முதல் நாள் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன். இரண்டு தடவை.


ஜூலை 4, வெள்ளி

வீக்கம் வடிந்துவிட்டது. அத்தை காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் வைத்துத் தூரமும் பக்கமுமாகக் கொண்டுபோனார். இடது கண்ணைப் பொத்தினார். கையை எடுத்தார். மறுபடியும் பொத்தினார்.

“எழுத்து சரிஞ்சு கெடக்கு.”

ஆஸ்பத்திரியில் வளையப் படம் எடுத்தேன். சாரும் பக்கத்தில் நின்றார். மன்சூர் படத்தைப் பக்கத்தில் வைத்தால் யாருடையது எது என்று சொல்ல முடியாது. கருவிழியில் சாதியும் இல்லை, முகாமும் இல்லை.

அவர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். அருவியைச் சொல்ல வாயெடுத்திருந்தால் அந்த இடத்திலேயே படத்தை அவர் மேல் எறிந்திருப்பேன்.


ஜூலை 7, திங்கள்

அருவியைச் சொல்லவில்லை. வள்ளித்தாயைச் சொல்லிவிட்டார்.

காலையில் எல்லோர் முன்னாலும்: அம்மா ஆபரேஷன் அன்றைக்கு வள்ளித்தாய் பழைய பிளேடை மாற்றிக் கொடுத்துவிட்டாள், கவனக்குறைவு, இனி வர வேண்டாம். அவள் என்னைப் பார்த்தாள். என்னத்துக்கு எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்?

கழிவறைப் பக்கம் நின்று அழுதாள்.

“யக்கா, நீங்க அங்கனதான நின்னிய? நான் கேட்டேம்லா? கேட்டேனா இல்லியா?”

“கேட்ட.”

“அப்ப சொல்லுங்க.”

“யார்ட்ட?”

“யார்ட்டயாவது.”

ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரே பிளேடில் நாள் முழுக்கச் செய்யலாம் என்று சாதித்த மனுஷன், இன்றைக்குத் தன் வாயாலேயே ‘பழைய பிளேடு’ என்கிறார். பழையது கெடுக்கும் என்று ஒத்துக்கொண்டாயிற்று. பழி மட்டும் சம்பளம் குறைந்தவள் மேல்.


ஜூலை 8, செவ்வாய்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார், இப்போது பத்தான்கோட்டில். போனில் எல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். சுந்தரபாண்டியன் கேட்பதில் குறை வைக்க மாட்டார், செய்வதில்தான்.

“அண்ணன் வேணும்னா செஞ்சிருப்பான்?”

“வேணும்னுதான் செஞ்சாவ. என்னை ஜெயிக்க வேணும்னு.”

“அப்ப நீ?”

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

வைப்பதற்கு முன் ஒன்று சொன்னார். “அம்மாட்ட மட்டும் சொல்லிராத. தாங்க மாட்டா.”


ஜூலை 11, வெள்ளி

அத்தைக்குச் சொட்டு மருந்து விடும்போது.

“ஏட்டி, வள்ளித்தாயி கத்திய மாத்திக் குடுத்துட்டாளாம்லா. உமா சொல்லுதான்.”

நான் அடுத்த சொட்டை விட்டேன்.

“ஒன்ட்டதான் கேக்கேன். நீ என்னைக்கும் எனக்கு இனிக்கப் பேசினதில்ல. அதான் ஒன்ட்ட கேக்கேன்.”

சொன்னேன். பிளேடு எதற்குப் புதிதாக இருக்க வேண்டும் என்பதிலிருந்து சொன்னேன். மன்சூரைச் சொன்னேன். காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் மகனை நான் மடக்கியதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட முடியுமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். முடியவில்லை.

அத்தை கண்ணை மூடியபடியே கேட்டார்.

“அவ கேட்டாளா, வேற பிரிக்கட்டான்னு?”

“கேட்டா.”

“அவன் வேண்டாம்னுட்டானா?”

“எது இருக்கோ அதக் குடுன்னாவ.”

“நீ எங்க நின்ன?”

“கதவுப் பக்கம்.”

மருந்து கன்னத்தில் வழிந்தது. துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

“கதவுப் பக்கம் நின்னவளுக்கு வாயி எங்க போச்சு? தட்டுல சோறு வைக்கும்போதெல்லாம் நாலு வார்த்த வச்சிருப்பியே. அன்னைக்கு ஒண்ணுகூடவா இல்ல?”

மருந்துப் புட்டியை மூடினேன்.

“அவன் எம்மேல கத்திய வச்சான். நீ பாத்துக்கிட்டு நின்ன. ரெண்டு பேரும் சேந்து எங்கண்ணுல சண்ட போட்டிருக்கிய.”

கிழவி. எத்தனை வருடம் நான் வெறுத்த கிழவி. ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.


ஜூலை 13, ஞாயிறு

அத்தை மகனை வரச்சொன்னார். பெரியத்தான் ஆப்பிளும் மாதுளையும் வாங்கிவந்தார். பை மேசை மேலேயே இருந்தது, யாரும் தொடவில்லை. 

நான் அடுக்களைக்குப் போகப் பார்த்தேன். “நில்லு. அன்னைக்கு நின்னேல்லா, இன்னைக்கும் நில்லு.”

மகனிடம் சத்தம் போடவில்லை. “வள்ளித்தாயிய நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு” என்றார். பிறகு, “நாளையிலேந்து ஒரு கண்ணுக்கு ஒரு கத்தி. கேம்ப்புக்காரனுக்கும்தான்.”

“அம்மா, இவ ஒன்ட்ட என்னத்தச் சொன்னா...”

“ஒன் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து உக்காந்து, எங்கண்ண நாலு பேருக்குக் காட்டணுமாலே?”

“சரிம்மா” என்றார் அவர். எனக்குள் அந்தப் பழைய சந்தோஷம் தலை தூக்கியது. வெட்கங்கெட்டது, எத்தனை தடவை மிதித்தாலும் எழுந்திருக்கிறது. அத்தை அதைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஒரு கண்ணால் பார்த்தாலும் பார்த்துவிட்டார்.

“இவ இனி ஆஸ்பத்திரிக்கு வர மாட்டா.”

“அத்தை...”

“ஒன்ன விட்டுட்டேன்னு நெனச்சியா? ரெண்டு பேரும் ஒரு எடத்துல இருந்தா, இன்னொருத்தன் கண்ணுலயும் சண்ட போடுவிய.”

பெரியத்தான் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.


ஜூலை 14, திங்கள்

வள்ளித்தாய் மதியம் போன் செய்தாள். இன்று ஒவ்வொருவருக்கும் ஒன்று பிரித்தார்களாம். முகாம் ஆட்களுக்கும். “நீங்க இருந்து பாத்திருக்கணும்க்கா” என்றாள்.

இல்லாமல் இருந்ததால்தான் நடந்தது என்று அவளிடம் சொல்லவில்லை.


ஜூலை 19, சனி

புளியறைக்குப் பஸ்ஸில் போனேன். மன்சூர் செக்போஸ்ட் பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அருவியும் இல்லை, தூசியும் இல்லை, மழுங்கின பிளேடு என்று சொன்னேன். திருநெல்வேலியில் கருவிழிக்கென்று இருக்கிற டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடி உதவாது, கெட்டியான லென்ஸ் ஒன்றைக் கருவிழி மேலேயே வைப்பார்கள், லைட் ஒன்றாகத் தெரிய வாய்ப்பு இருக்கிறது. கேஸ் போட்டால் சாட்சி சொல்வேன் என்றும் சொன்னேன்.

“இத அன்னைக்குப் பெஞ்சுல கேட்டேன்லா மேடம்.”

“ஆமா.”

“அப்ப வண்டி கையில இருந்து போயி ஒரு வாரம்கூட ஆகல. சொல்லியிருந்தா மொதலாளிட்ட திரும்பக் கேட்டிருப்பேன்.”

டீ சாப்பிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எப்படிக் குடித்திருப்பேன்?


ஆகஸ்ட் 6, புதன்

பஜாரில் நம்பிராஜன் கண்ணாடிக் கடையில் சேர்ந்தேன். கண் அளந்து எழுதிக் கொடுப்பது. வருகிறவர்கள் பாதிப் பேர் குற்றாலத்தில் குளிக்கும்போது கண்ணாடியை அருவியில் விட்டவர்கள். இவர்கள் விஷயத்தில் மட்டும் அருவி மேல் குற்றம் சொல்லலாம்.

வீட்டில் அத்தையும் நானும் பேசிக்கொள்வதில்லை. குழம்பைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை. சொல்ல மாட்டாரா என்று இருக்கிறது.


செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் கடைக்கு முன்னால் ஒரு ஆட்டோ நின்றது. அத்தை இறங்கினார். வெளுத்த சேலை, கையில் மடித்த காலண்டர் தாள். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே அடுப்புச் சோறு. நேற்றைக்கு ராத்திரிகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நம்பிராஜன் நாற்காலியை இழுத்துப் போட்டார். “வாங்க ஆச்சி. மேடத்துக்குத் தெரிஞ்சவங்களா?”

“கண்ணு அளக்க வந்திருக்கேன்” என்றார் அத்தை.

உட்காரவைத்து அளந்தேன். வட்டங்கள் அப்படியேதான் நசுங்கிக் கிடக்கின்றன. கண்ணாடியால் இதைச் சரிசெய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். திருநெல்வேலிக்குப் போகலாம், லென்ஸ் வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னேன்.

“இன்னொருத்தன் எங்கண்ணத் தொட வேண்டாம். ஒன்ட்ட இருக்கதப் போடு.”

சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, இடது கண்ணை மறைத்து, ஒவ்வொரு கண்ணாடியாகச் செருகினேன். திருப்பினேன். மாற்றினேன்.

“இது நல்லாருக்கா, முன்னது நல்லாருந்துச்சா?”

“ரெண்டும் நல்லா இல்ல.”

“இது?”

“கோணலாத்தான் இருக்கு.”

“இது?”

வெகுநேரம் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. நான் கையை எடுத்தேன். போதும் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

“சவம், அதேதான்” என்றார். “என்னத்துக்கு நிறுத்துத? அடுத்ததப் போடு.”

போட்டேன்.